காரணம்: பௌர்ணமி

அந்த நர்சுக்கு ஆஸ்பத்திரி முழுக்க 'வக்கீல் சிஸ்டர்' என்றுதான் பெயர். ஐம்பத்திரண்டு வயது, இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். எந்த டாக்டர் வந்து எதை வாயால் சொன்னாலும், "எழுதிக் கொடுங்க டாக்டர், செஞ்சிடறேன்" என்று பேனாவை நீட்டுவாள். கோபமில்லாமல்தான் நீட்டுவாள். ஆபரேஷன் வார்டில் ஒரு நாள் அந்தப் பேனா நீளக்கூடாத ஒருவரின் மூக்குக்கு நேரே நீண்டுவிட்டது. அடுத்த வாரமே பின்கட்டிலிருந்த மனநலப் பிரிவின் பெண்கள் வார்டுக்கு மாற்றல் வந்தது.

"தண்டனைன்னு நெனச்சுத்தான் அனுப்பியிருக்காங்க," என்றார் ஸ்கூல் பஸ் ஓட்டும் அவள் கணவர். "அங்கயாவது வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு."

"நான் சும்மாதாங்க இருக்கேன். என் பேனாதான் இருக்க மாட்டேங்குது."

வார்டில் இருபத்திரண்டு இரும்புக் கட்டில்கள். பினாயில் வாசனை. கிழக்குப் பக்கம் மூன்று ஜன்னல்கள், அவற்றுக்கு மேலே திறக்கவும் மூடவும் முடியாத கண்ணாடிப் பட்டை. வார்டை உண்மையில் நடத்தி வந்தவள் உதவியாளராக இருபது வருஷம் ஓட்டிவிட்ட ஒரு பெண்மணி. இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்கியதால் எல்லாருக்கும் அவள் சாவியம்மா. பேச்சு கரடுமுரடாக இருக்கும். ஆனால் யாருக்காவது பேன் விழுந்தால் மடியில் படுக்கவைத்து ஈர் உருவுவதும் அவள்தான்.

நர்சு அறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று மாட்டியிருந்தது. அதில் ஒவ்வொரு மாதமும் இரண்டு தேதிகளில் வட்டம்: சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று.

"இது என்னம்மா?" என்று கேட்டாள் வக்கீல் சிஸ்டர்.

"வட்ட நாளு சிஸ்டர். சிவப்பு பௌர்ணமி, கறுப்பு அமாவாசை. அன்னைக்கு இவங்களுக்கு ஏறும். நாளன்னைக்கு வருது பாருங்க, அப்ப தெரியும்."

தெரிந்தது. பௌர்ணமியன்று மாலை நாலு மணி அடித்ததும் சாவியம்மாவும் மற்ற மூன்று உதவியாளர்களும் ஜன்னல்களைச் சாத்தினார்கள். வராந்தாக் கதவைப் பூட்டினார்கள். எல்லாரையும் கட்டிலுக்குப் போகச் சொன்னார்கள். பிறகு பழைய படுக்கை விரிப்பிலிருந்து கிழித்த பட்டைத் துணிகளை எடுத்துவந்து, மூன்று பேரை மட்டும் மணிக்கட்டில் கட்டிக் கட்டிலின் கம்பியோடு சேர்த்து முடிந்தார்கள். முதல் ஆள், முன்பு பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த டீச்சர். இரண்டாவது, எதற்கெடுத்தாலும் சிரிக்கும் ஒரு பருத்த பெண். அவளைக் கிளிஞ்சல் என்று கூப்பிடுவார்கள். மூன்றாவது, பேசி யாரும் கேட்டிராத மௌனி.

ஐந்து மணிக்குக் கிளிஞ்சல் அழ ஆரம்பித்தாள். ஐந்தரைக்கு டீச்சர் கட்டிலோடு சேர்ந்து குலுங்கிக் கத்தினாள். அதைக் கேட்டுக் கட்டாத ஆட்களும் கத்தினார்கள். ஆறு மணிக்கு ஒருத்தி ஓர் உதவியாளரின் கையைக் கடித்தாள். ஊசி போட்டார்கள்.

"பாத்தீங்களா சிஸ்டர்?" என்றாள் சாவியம்மா, வியர்வையைத் துடைத்துக்கொண்டே. தன் முன்கையைத் திருப்பிக் காட்டினாள். பிறை வடிவத்தில் பழைய பல் தழும்பு. "இதுவும் ஒரு பௌர்ணமிதான். கடலையே தூக்கி நிறுத்துது அது. மனுஷன் ஒடம்புல முக்காவாசி தண்ணி. இழுக்காம விடுமா?"

வக்கீல் சிஸ்டருக்கு வார்டு புதிது, நோய் புதிது. இருபத்தெட்டு வருஷம் பேனா நீட்டியவள், மூன்று பெண்களைக் கண்ணெதிரே கட்டியபோது வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றோமே என்பது மட்டும் உறுத்தியது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் முதல் வேலையாகப் பதிவேடுகளை இறக்கித் தூசி தட்டினாள். நோயாளியைக் கட்ட நேர்ந்தால் யார் சொல்லி, எத்தனை மணிக்கு, என்ன காரணத்துக்காகக் கட்டினோம் என்று எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்க ஒரு கட்டுப் பதிவேடு இருந்தது. வட்ட நாட்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

"அது முன்னெச்சரிக்கைதானே சிஸ்டர், அதை எதுக்கு எழுதிக்கிட்டு," என்றாள் சாவியம்மா.

"யார் போட்ட உத்தரவு?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு."

வார்டில் நடக்கும் அடிதடி, கத்தலையெல்லாம் எழுதும் சம்பவப் பதிவேடு மட்டும் ஒழுங்காக இருந்தது. மூன்று வருஷப் பக்கங்களை ஒரு வாரம் உட்கார்ந்து புரட்டினாள். எழுபத்து நாலு வட்ட நாட்கள். அவற்றில் ஐம்பத்தெட்டுச் சம்பவங்கள். மற்ற நாட்களில் அந்த அளவுக்கு இல்லவே இல்லை. சாவியம்மா எட்டிப் பார்த்து, "நான் சொன்னா நம்பல, நோட்டு சொன்னா நம்புங்க" என்று சிரித்தாள்.

வக்கீல் சிஸ்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் பக்கத்திலிருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டில் ஐம்பத்தைந்து, நாலு மணிக்குப் பிறகு. கட்டின பிறகு.

இருந்தாலும் ஒரு சந்தேகம் நின்றது. நிலா ஏறுவதும் சாயங்காலம்தானே? கட்டினதால் கத்துகிறார்களா, நிலா வருவதால் கத்துகிறார்களா? இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பிரித்துக் கொடுத்தது டீச்சர்தான். அவளுக்குக் குரல்கள் கேட்கும். மோசமான வாரங்களில் அவற்றோடு சண்டை போடுவாள். நல்ல வாரங்களில் அவளைவிடத் தெளிவாகப் பேசுகிற ஆள் அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. அது நல்ல வாரம். மருந்து கொடுக்கப் போன நர்சின் கையைப் பிடித்தாள்.

"நோட்டெல்லாம் புரட்டறீங்களாமே சிஸ்டர். இந்த வருஷ ஜனவரியப் பாத்தீங்களா?"

"என்ன ஜனவரில?"

"அமாவாசைன்னு என்னைக் கட்டினாங்க. தலைக்கு மேல அந்தக் கண்ணாடிப் பட்டையில பாக்கறேன், நிலா உப்பிப்போய் நிக்குது. ரெண்டு மூணு நாள்ல பௌர்ணமி! பூகோளம் நடத்தினவ நான், எனக்கேவா அமாவாசை காட்டறாங்க? சொல்லிச் சொல்லிக் கத்தினேன். கத்தறாளேன்னு ஊசி போட்டாங்க."

தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டைப்பெட்டிகளை எடுத்தாள். பிரித்து விரித்த அட்டைகளின் உள்பக்கம் பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள். நிலா தெரிந்த ஒவ்வொரு நாளும் அது எந்த வடிவத்தில் இருந்ததோ அப்படியே வரைந்து, கீழே தேதி.

வக்கீல் சிஸ்டர் அந்த அட்டையை நர்சு அறைக்குக் கொண்டுவந்தாள். சம்பவப் பதிவேட்டில் ஜனவரி பதினொன்று: டீச்சர் கத்தல். ஜனவரி இருபத்தைந்து: கிளிஞ்சல் அழுகை, இருவர் அடிதடி. வீட்டுக்குப் போய்ச் சமையலறைக் காலண்டரைப் புரட்டினாள். அந்த மாதம் பௌர்ணமி பதினான்கு. அமாவாசை முப்பது. மறுநாள் வந்து பார்த்தால், பதினான்காம் தேதியும் முப்பதாம் தேதியும் பதிவேட்டில் வெள்ளையாகக் கிடந்தன. நிஜப் பௌர்ணமி அன்று வார்டில் ஒரு டம்ளர்கூட உருளவில்லை!

"சாவியம்மா, ஜனவரில வட்டம் போட்டது யாரு?"

சாவியம்மா யோசித்தாள். "புதுக் காலண்டர் வர பிப்ரவரி ஆயிருச்சு சிஸ்டர். அதுவரைக்கும் பழசையே ஜனவரிக்குத் திருப்பி மாட்டினேன். வட்டம் ஏற்கெனவே இருந்துச்சே."

"அது போன வருஷ வட்டம்மா. வருஷத்துக்கு வருஷம் பத்து பதினோரு நாள் முன்னாடி வந்துரும்."

"ஆமால்ல..." என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "ஏதோ ஒரு மாசம் அப்படி ஆயிருக்கும் சிஸ்டர். அதுக்காக அது இல்லைன்னு ஆயிடுமா?" என்று நகர்ந்துவிட்டாள். ஆனால் சாவிக்கொத்தை வழக்கம்போல ஆட்டிக்கொண்டு போகவில்லை.

அடுத்த கறுப்பு வட்டம் வந்தது. காலை எட்டு மணிக்கே வக்கீல் சிஸ்டர் கட்டுப் பதிவேட்டை விரித்தாள். மூன்று பெண்களின் பெயர்களை எழுதினாள். நேரம்: மாலை நாலு. அறிகுறி: ஏதுமில்லை. காரணம் என்ற இடத்தில் நிதானமாக எழுதினாள்: அமாவாசை. கீழே, 'வழக்கமாகப் பௌர்ணமிக்கும் இதே காரணம்' என்று சேர்த்து, கையெழுத்துக்காகப் பிரிவின் தலைவரான பெரிய டாக்டரின் மேஜைக்கு அனுப்பினாள்.

பத்தே நிமிஷத்தில் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன சிஸ்டர் இது, கிண்டலா?"

"இல்ல டாக்டர். இத்தனை வருஷமா நடக்கறதுதான். எழுதாம விட்டிருந்தாங்க, எழுதிட்டேன். நீங்க கையெழுத்து போட்டீங்கன்னா நாலு மணிக்குக் கட்டிடறோம்."

"காரணம் அமாவாசைன்னு நான் கையெழுத்து போடணுமா? மேல யாராவது பாத்தா என் மானம் என்ன ஆகும்?"

"அப்ப வேற காரணம் சொல்லுங்க டாக்டர், மாத்தி எழுதிடறேன்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை. நூற்றெழுபது நோயாளிகளுக்கு மூன்று டாக்டர்கள். எதைத் தொட்டால் எது இடிந்து விழுமோ என்று பயந்தே பதினைந்து வருஷம் தள்ளியவர். "வார்டுல வேலை பாக்கற ஆளுங்க பயப்படறாங்க. ஏதோ பழக்கம், போகட்டும்னு விட்டேன். கட்டலைன்னா ஒரு அசம்பாவிதம் நடக்கும். அப்ப யார் பொறுப்பு?"

"கட்டினா நடக்கற அசம்பாவிதம் ஐம்பத்தஞ்சு டாக்டர், நேரத்தோட எழுதிக் கொண்டுவந்திருக்கேன். அதுக்கு யார் பொறுப்பு?"

அவர் பதிவேட்டைத் தள்ளினார். கையெழுத்துப் போடவில்லை. "உங்க இஷ்டம். ஆனா எது நடந்தாலும் உங்க தலைமேலதான்."

"அதை மட்டும் எழுதிக் கொடுத்திருங்க டாக்டர்."

எழுதியும் கொடுக்கவில்லை, கையெழுத்தும் இல்லை. ஆகவே கட்டவும் இல்லை.

நாலு மணிக்கு உதவியாளர்கள் சுவரோரம் நின்றார்கள். மௌனி கட்டிலிலிருந்து எழுந்து மெதுவாக நடந்துவந்தாள். வக்கீல் சிஸ்டருக்கு எதிரே நின்று, இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து நீட்டினாள். கட்டச் சொல்லி. நேரமாகிவிட்டதே என்ற பரபரப்பு அவள் முகத்தில் தெரிந்தது. அந்த மணிக்கட்டில் வளையல் போட்டதுபோல் காய்த்துப்போயிருந்தது.

வக்கீல் சிஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் வேலை கெடும். பக்கத்தில் துவைத்து வந்த விரிப்புகள் குவிந்து கிடந்தன. ஒன்றை உதறி எடுத்து, அதன் இரண்டு முனைகளை அந்தக் கைகளில் கொடுத்தாள். "பிடிம்மா. மடிக்கலாம்." மௌனி பிடித்தாள். இருவருமாக நாற்பது விரிப்புகள் மடித்தார்கள். அதற்குள் ஆறரை மணி ஆகியிருந்தது. அன்று ஒரு சம்பவமும் இல்லை.

"அமாவாசை கொஞ்சம் சாதுதான்," என்றாள் சாவியம்மா. "பௌர்ணமி வரட்டும்."

அந்தப் பதினைந்து நாளும் வார்டில் இதே பேச்சு. டீச்சர் கட்டிலில் சம்மணம் போட்டு வாதாடுவாள்.

"கடல் பொங்கறது நிஜம் சாவியம்மா. ஆனா எதனால? பூமி அவ்வளவு பெருசு. நிலாவுக்குப் பக்கத்துல இருக்கற பக்கத்தை அதிகமா இழுக்குது, எதிர்ப்பக்கத்தைக் கம்மியா இழுக்குது. அந்த வித்தியாசத்துலதான் தண்ணி ஏறி இறங்குது. பௌர்ணமி அமாவாசைக்குச் சூரியனும் அதே கோட்டுல வந்து சேர்ந்து இழுக்கறதால கூடுதலா ஏறும். ஒன் தலைக்கும் காலுக்கும் நடுவுல அஞ்சடி. அதுல என்ன வித்தியாசம் வந்து கிழிக்கப்போகுது?"

"படிச்சவங்க எப்படி வேணா பேசுவீங்க," என்று சாவியம்மா தானறிந்த கதையை எடுத்தாள். "சந்திரனுக்கு இருபத்தேழு பொண்டாட்டி. ஒருத்தி மேல மட்டும் உசிரா இருந்தான். மாமனாருக்குக் கோவம் வந்து, தேய்ஞ்சு போடான்னு சாபம் விட்டாரு. அப்புறம் பாவம்னு, தேய்ஞ்சாலும் வளருன்னாங்க. சாபம் வாங்கினவன்மா அவன். அவன் பார்வை பட்டா சும்மா போகுமா?"

கிளிஞ்சல் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைத் தூக்கினாள். "தப்பு பண்ணினது அவன். மாமனார் வீட்டுச் சண்டை. அதுக்கு எங்களை ஏம்மா கட்டறீங்க?"

வார்டே கொல்லென்று சிரித்தது. சாவியம்மாவும் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபித்துக்கொண்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் நாலு உதவியாளர்களும் விடுப்புக் கடிதம் கொடுத்தார்கள். வயிற்றுவலி, காய்ச்சல், உறவுக்காரர் வீட்டு விசேஷம், முதுகுவலி. வக்கீல் சிஸ்டர் நாலையும் வாங்கி முத்திரை குத்தினாள்.

"தனியாவா சமாளிப்ப?" என்றார் கணவர்.

"இருபத்திரண்டு பேர் இருக்காங்க, தனின்னு எப்படிச் சொல்றீங்க?"

"சொன்னா கேக்க மாட்ட. சரி, பஸ்ஸை விட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன். ஏதாவதுன்னா ஒரு குரல் கொடு."

மறுநாள் நாலு மணிக்கு அவள் ஜன்னல்களைச் சாத்தவில்லை. வராந்தாக் கதவைத் திறந்தே வைத்தாள். ஐந்தே முக்காலுக்கு வார்டின் நடுவே நின்று சொன்னாள்: "மொட்டைமாடிக்குப் போறோம். வர்றவங்க வரலாம். இஷ்டமில்லாதவங்க படுத்துக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன்."

துணி உலர்த்தும் மாடி அது. சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கம்பிவலை. மாடிப்படியின் அடியில் யாரோ நிற்பது தெரிந்தது. சீருடை இல்லாமல், முதுகுவலிக்காரி சாவியம்மா.

"உங்க மேல நம்பிக்கை வந்துருச்சுன்னு நெனச்சுக்காதீங்க சிஸ்டர்," என்றாள். "இதுங்க படியில உருண்டுச்சுன்னா பிடிக்க ஒரு ஆள் வேணுமேன்னு வந்தேன்."

"முன்னாடி போறீங்களா, பின்னாடி வர்றீங்களா?"

"பின்னாடியே வர்றேன்."

பத்தொன்பது பேர் ஏறினார்கள். இரண்டு பேர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். மௌனி மாடிக் கதவுவரை வந்து, நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தண்ணீர்த்தொட்டிகளுக்கும் தூரத்துக் கட்டடங்களுக்கும் நடுவே நிலா எழுந்தது. பழுத்த ஆரஞ்சு நிறம். பெரியது. சிலர் இரண்டடி பின்வாங்கினார்கள். இத்தனை வருஷமாக அது வரும்போதெல்லாம் கட்டிலில் கிடந்தவர்கள். கிளிஞ்சலின் தாடை நடுங்குவதை வக்கீல் சிஸ்டர் பார்த்தாள். இது பிசகினால் நாளைக்கு இவர்களைக் கட்ட அதுவே போதுமான காரணமாகிவிடும்.

டீச்சர் முன்னால் போய் நின்றாள். "பெருசாத் தெரியுதேன்னு பயப்படாதீங்க, அது கண்ணோட ஏமாத்து. எல்லாரும் கையை நீட்டுங்க. நல்லா நீட்டணும். ஒரு கண்ணை மூடிக்கிட்டு, சுண்டு விரலை அது மேல வைங்க."

முதலில் வக்கீல் சிஸ்டர் நீட்டினாள். பிறகு கிளிஞ்சல். பிறகு ஒவ்வொருத்தராக.

"மறைஞ்சு போச்சு!" என்று கத்தினாள் கிளிஞ்சல். "சிஸ்டர், நகத்துக்குள்ள போயிருச்சு சிஸ்டர்!"

பத்தொன்பது பெண்கள் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு நிலாவை விரலால் மூடுவதும் திறப்பதுமாக நின்றார்கள். சிரிப்பு பரவியது. ஒருத்தி அதில் முயல் தெரிகிறது என்றாள். இன்னொருத்தி இல்லவே இல்லை, அது தன் மூத்த நாத்தனார் முகம் என்றாள். கறுப்பாகத் தெரிவதெல்லாம் எப்போதோ வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு என்று டீச்சர் சொன்னாள். நகம் வளரும் வேகத்தில் வருஷாவருஷம் அது நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது என்றும் சொன்னாள்.

"போகட்டும், போகட்டும்," என்றாள் கிளிஞ்சல். "நாமளா வரச் சொன்னோம்?"

சாவியம்மா கதவோரத்தில் மௌனிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அவளும் சுண்டு விரலை நீட்டி ஒரு கண்ணை மூடினாள்.

இருந்த ஒரே நாற்காலிக்காக இரண்டு பேர் தள்ளிக்கொண்டார்கள். ஒருத்திக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஏழு மணிக்குக் கீழே இறங்கியதும் வக்கீல் சிஸ்டர் அதையும் மறைக்காமல் எழுதினாள்: சம்பவம் ஒன்று. காரணம்: நாற்காலி.

மூன்று நாளில் மெமோ வந்தது. அனுமதியின்றி நோயாளிகளை மாடிக்கு அழைத்துச் சென்றது ஏன்? அவள் மூன்று பக்கத்தில் பதில் எழுதி, ஜனவரிப் பக்கங்களின் நகலையும் டீச்சரின் அட்டைகளின் நகலையும் இணைத்தாள்.

அந்த மாதம் டீச்சருக்கு நோய் முற்றியது. பிறைகூடப் பாதி வளராத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குரல்களோடு மல்லுக்கட்டித் தலையைச் சுவரில் மோதினாள். நாலு பேர் பிடித்தும் முடியவில்லை. டாக்டர் வந்து, பார்த்து, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகு இரண்டு மணி நேரம் கட்டினார்கள். வக்கீல் சிஸ்டர் அந்த இரண்டு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தெளிந்ததும் டீச்சர் சொன்னாள்: "எனக்கு வியாதி இல்லைன்னு நான் சொல்லல சிஸ்டர். ஆனா அது நிலாகிட்ட தேதி கேட்டுட்டு வர்றதில்ல."

விசாரணை பெரிய டாக்டர் அறையில் நடந்தது. அவர் மூன்று பக்கத்தையும் படித்திருந்தார். ஓரத்தில் பென்சில் கோடுகள் தெரிந்தன.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம் சிஸ்டர். செஞ்ச முறை தப்பு. என்னைக் கேட்டிருக்கணும்."

"கேட்டேன் டாக்டர். பதிவேட்டோட வந்து கேட்டேன்."

அவர் இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். ஒன்று எல்லா வார்டுகளுக்கும் போகிற சுற்றறிக்கை: டாக்டர் எழுத்தில் கொடுத்த மருத்துவக் காரணம் இல்லாமல் எந்த நோயாளியையும், எந்த நாளிலும் கட்டக் கூடாது. இன்னொன்று அவளுடைய பணிப் பதிவேட்டில் சேரும் எச்சரிக்கை: மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை.

வக்கீல் சிஸ்டர் சுற்றறிக்கையை முதலில் எடுத்தாள். இரண்டு முறை படித்தாள். தேதி இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு எச்சரிக்கைத் தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தாள்.

"கையெழுத்து மட்டும் போதும்," என்றார் அவர்.

அவள் எழுதினாள்: 'பெற்றுக்கொண்டேன். ஏற்கவில்லை. இதே நிலைமை வந்தால் இதையேதான் செய்வேன்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இதுல எனக்கு ஒரு நகல் வேணும் டாக்டர்," என்றாள்.